பச்சைத் தத்துப்பூச்சி

நெல் வயல்களில் பச்சைத் தத்துப்பூச்சி என்று ஒரே பெயரால் அழைக்கப்படுபவை, நெஃபோட்டெட்டிக்ஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த பல இனப் பூச்சிகள் ஆகும். இப்பேரினம் சிகாடெல்லிடே குடும்பத்தில் அடங்கும். 1902 இல் சப்பானியப் பூச்சியியலாளர் மட்சுமுரா இதனை நிறுவினார். ஆசியா, ஆப்பிரிக்கா, ஆசுத்திரேலியா ஆகிய கண்டங்களில் இவை காணப்படுகின்றன.

உடலமைப்பு

இவை ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை நீளமுடையவை. பின்னங்கால்களில் வரிசையாக முட்கள் இருக்கும். நெல்லைத் தாக்கும் புகையான், காலில் அசையும் குதிமுள் கொண்ட வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது.

இனங்களைப் பிரித்தறிதல்

நெ. நைக்ரோபிக்டஸ் இனத்தின் தலையுச்சியில் விளிம்பை ஒட்டிக் கரும்பட்டை உண்டு, நெ. வைரெசென்ஸ் இனத்தில் அது இல்லை. ஆண் பூச்சிகளின் இறக்கை நுனி கறுப்பாகவும் நடுவில் கரும்புள்ளியுடனும் இருக்கும். எனினும் புள்ளிகளின் அளவு பூச்சிக்குப் பூச்சி மாறுபடும். பெண் பூச்சிகளில் இக்கறுப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. எனவே நிறத்தை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. ஆண் பூச்சியின் வயிற்றுப் பகுதியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டுத் தெளிவாக்கி, இனப்பெருக்க உறுப்பிலுள்ள முட்களின் எண்ணிக்கையையும் அமைவிடத்தையும் நுண்ணோக்கியில் காண்பதே உறுதியான முறையாகும்.

பெயர்க் குழப்பம்

நெ. வைரெசென்ஸ் இனத்தை 1908 இல் டிஸ்டன்ட் வேறொரு பேரினத்தில் வைத்து விவரித்தார். 1964 இல் இசிகாரா இதே பூச்சிக்கு இம்பிக்டிசெப்ஸ் என்று பெயரிட்டார். பழைய நூல்களில் இது பைபங்டேட்டஸ் என்றும் குறிக்கப்பட்டது. நெ. நைக்ரோபிக்டஸ், அபிகாலிஸ் என்ற பெயரில் வழங்கியது. 1971 இல் கௌரி வெளியிட்ட மீளாய்வு இப்பெயர்களை ஒழுங்குபடுத்தியது.

வேளாண்மையில் முக்கியத்துவம்

துங்ரோ நோய் தாக்கிய பயிர் குட்டையாகி, இலைகள் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறமடைந்து, தூர்கள் குறையும். இந்நோயை உண்டாக்கும் இரு நச்சுயிரிகளையும் திறம்படப் பரப்புவது நெ. வைரெசென்ஸ் ஆகும். நெ. நைக்ரோபிக்டஸ் அவ்வளவு திறமையாகப் பரப்புவதில்லை. ஒரே வயலில் இரண்டும் இருக்கக்கூடும் என்பதால், பூச்சிகளின் மொத்த எண்ணிக்கை மட்டும் நோய் அபாயத்தைக் காட்டாது. துங்ரோவைத் தாங்கும் நெல் வகைகள் பலவற்றின் எதிர்ப்புத்திறன், நச்சுயிரிக்கு எதிரானதன்று, நெ. வைரெசென்ஸ் பூச்சிக்கு எதிரானது. பூச்சி அவ்வகைக்குப் பழகிவிட்டால் நோயும் திரும்பும். ஆகவே 1971க்கு முந்தைய ஆய்வுக் குறிப்புகளைப் பயன்படுத்துவோர், அதில் கூறப்படும் பூச்சி எந்த இனம் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.