சிலுவையடியில் நின்றவர்கள்

பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த ழான் கார்னியே இளம் வயதிலேயே கணவரையும் இரு குழந்தைகளையும் இழந்தவர். 1842-இல் தம்மைப் போன்ற விதவைகளைத் திரட்டி, எந்த மருத்துவமனையும் சேர்த்துக்கொள்ளாத தீராத நோயுள்ளவர்களைப் பராமரிக்க ஒரு சங்கம் அமைத்தார். இயேசு அறையப்பட்ட கல்வாரியின் பெயரையே அதற்கு வைத்தார். இதே வழியில் 1874-இல் பாரிஸிலும் 1899-இல் நியூயார்க்கிலும் இல்லங்கள் எழுந்தன. அங்கே வந்தவர்களில் புற்றுநோயாளிகளே மிகுதி.

கல்வாரி என்ற பெயரில்தான் இந்த மரபின் உயிர் இருக்கிறது. யோவான் நற்செய்தியில் மரியாளும் அன்புச் சீடரும் சிலுவையடியில் நிற்கிறார்கள். மகனைக் கீழே இறக்கத் தாயால் முடியவில்லை. ஆனாலும் அவள் விலகிப் போகவில்லை. இறக்கும் தறுவாயிலும் இயேசு தாயைச் சீடரிடம் ஒப்படைக்கிறார். புற்றுநோய் வந்தவரின் கட்டிலருகே கைபிசைந்து நிற்கும் குடும்பத்துக்கு இதைவிட நெருக்கமான வேதப்பகுதி இல்லை. குணமாகும் என்ற வாக்குறுதி அதில் இல்லை. அந்த இடத்தில் கடவுளும் நின்றிருக்கிறார் என்பதே அது தரும் ஆறுதல்.

இந்த ஆறுதலை மருத்துவத்தோடு இணைத்தவர் இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ். செவிலியராகவும் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்தவர்; 1945-இல் ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசத்துக்கு வந்தவர். 1948-இல் லண்டனில் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூத அகதியுடன் பழகினார். இறக்கும் தறுவாயில் இருப்பவர்களுக்காக சாண்டர்ஸ் கட்டப்போகும் இல்லத்தில் தாம் ஒரு ஜன்னலாக இருப்பதாகச் சொல்லி, டாஸ்மா 500 பவுண்ட் விட்டுச் சென்றார். சாண்டர்ஸ் அதன் பிறகு மருத்துவம் படித்து 1957-இல் மருத்துவரானார். அயர்லாந்துக் கன்னியர் நடத்திய புனித ஜோசப் இல்லத்தில் பணியாற்றியபோது, வலி திரும்பும் முன்பே வேளை தவறாமல் மார்ஃபின் கொடுக்கும் முறையை நிலைநாட்டினார். உடல் வலியோடு மனம், குடும்பம், ஆன்மா ஆகியவற்றின் வேதனையும் சேர்ந்ததே முழு வலி என்றார்.

1967-இல் தென்கிழக்கு லண்டனின் சிடன்ஹமில் சாண்டர்ஸ் நிறுவிய புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் என்ற இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம் திறக்கப்பட்டது. கெத்செமனே தோட்டத்தில் தம்மோடு விழித்திருக்கும்படி இயேசு சீடர்களிடம் கேட்டதையே அதன் அடித்தளமாக சாண்டர்ஸ் கருதினார். உள்ளே சிற்றாலயமும் ஜெபமும் இருந்தன. ஆனால் விசுவாசம் இல்லாதவர்களும் வேற்று மதத்தவரும் அதே கனிவுடன் ஏற்கப்பட்டார்கள். எவரையும் மதம் மாற்ற முயலாத இந்த நேர்மையாலேயே அந்த ஆறுதல் நம்பத்தக்கதாயிற்று.

நோயாளிகளின் குடும்பத்தாரையும் சாண்டர்ஸ் மறக்கவில்லை. குழந்தைகள் உட்பட உறவினர் தாராளமாக வந்து போக முடிந்தது. தொடக்க காலத்தில் வாரத்தில் ஒரு நாள் மட்டும் பார்வையாளர்களுக்கு அனுமதி இருக்கவில்லை. குற்றவுணர்வின்றி அவர்கள் ஓய்வெடுக்கட்டும் என்பதே காரணம். நோயாளியின் மரணத்துக்குப் பின் உறவினரின் துயரத்தைக் கவனிக்க மனநல மருத்துவர் காலின் முர்ரே பார்க்ஸ் துணைநின்றார்.

இதே மரபில், இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸான சாந்தி அவேத்னா சதன் 1986-இல் மும்பையில் தொடங்கியது. முற்றிய புற்றுநோயாளிகளை மத வேறுபாடின்றி, கட்டணமின்றி, கத்தோலிக்கக் கன்னியர் அங்கே பராமரிக்கிறார்கள்.