வாசகசாலையில் விளையாட்டு

கணினி விளையாட்டைப் பொது நூலகத்துக்குள் அனுமதிப்பது தகுமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம் பெற்றோரிடம் யோசனையைவிடக் கோபமே முந்திக்கொள்கிறது. படிக்கப் போகிறேன் என்று சொல்லிப் போன பிள்ளை ஆடிவிட்டு வருகிறானே என்பது அவர்கள் குறை. குறையில் நியாயம் இல்லையென்று சொல்லோம். ஆனால் இது கணினியோடு பிறந்த குறையன்று. பொது நூலகம் பிறந்த நாள்தொட்டு அதனைத் தொடர்ந்து வருவது.

இங்கிலாந்தில் பொது நூலகச் சட்டம் 1850-ஆம் வருஷத்தில் நிறைவேறிற்று. வரிப்பணத்தில் நூலகம் அமைத்த பெரியோர், தொழிலாளி வந்து பூகோளமும் இயந்திர சாஸ்திரமும் பயில்வான் என்று எதிர்பார்த்தனர். அவனோ நாவலைக் கேட்டான். வரிப்பணத்தில் நாவலா என்ற வாதம் அந்நூற்றாண்டின் இறுதிவரை ஓயவில்லை. 1890-களில் மற்றொரு கூத்தும் நடந்தது. வேலையற்றோர் குதிரைப் பந்தயச் செய்தி பார்க்கவே வாசகசாலையில் கூடுகின்றனர் என்று அஞ்சி, பர்மிங்ஹாமை அடுத்த ஆஸ்டன் முதலிய ஊர்களில், பத்திரிகைகளின் அப்பகுதியைக் கறுப்பு மையிட்டு மறைத்து வைத்தனர். அறிவைப் பரப்ப எழுந்த நிலையம் மைப்புட்டியுடன் செய்தியை அழிக்க உட்கார்ந்தது என்றால், ஏழையின்பால் அதற்கிருந்த நம்பிக்கையின் அளவு விளங்கும்.

அமெரிக்காவில் கதை வேறு விதமாகச் சென்றது. பென்சில்வேனியாவிலுள்ள பிராடக் என்னும் உருக்காலை ஊரில் ஆண்ட்ரூ கார்னகி 1889-இல் ஒரு நூலகம் திறந்தார். அந்நாட்டில் அவர் அமைத்த முதல் நூலகம் அதுவே. அங்கு நூல்களோடு பில்லியர்ட்ஸ் மேஜைகளும் இருந்தன; ஆலைக்கரியைக் கழுவிக்கொள்ளக் குளிக்குமிடமும் இருந்தது. 1898-இல் அருகிலுள்ள ஹோம்ஸ்டெட்டில் எழுந்த நூலகத்தில் நீச்சல் குளமும் இசைமண்டபமும் சேர்ந்தன. சாராயக்கடைக்குப் போகும் கால்களை இப்பக்கம் திருப்பலாம் என்பது எண்ணம். மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடைக்கு எதிராக வாசகசாலையும் காரம் பலகையும் வைத்த நம் சங்கத்தார்க்கும் எண்ணம் அதுவேயன்றோ?

ஆயினும் ஹோம்ஸ்டெட் என்ற பெயரைச் சொல்லும்போது 1892-ஐ மறத்தல் கூடாது. அவ்வருஷம் கார்னகியின் ஆலையில் நடந்த வேலைநிறுத்தத்தில் முதலாளி தரப்பு கூலிக்காவலரை ஆயுதங்களுடன் வரவழைத்தது. இருபுறமும் உயிர்கள் மாண்டன; தொழிற்சங்கம் நசுக்கப்பட்டது. அதன் பின்னர் பன்னிரண்டு மணி நேர வேலையே அங்கு வழக்கமாயிற்று. பன்னிரண்டு மணி நேரம் உலைமுன் வெந்தவன் எந்தக் கையால் கோல் பிடித்துப் பந்தடிப்பான்? எந்தக் கண்ணால் நூல் படிப்பான்? வள்ளலார் மேஜையைக் கொடுத்தார். அதனருகே நிற்பதற்கு நேரத்தைக் கொடுத்தாரில்லை. நூலகத்தில் விளையாட்டைப் பற்றிப் பேசுவோர் முதலில் கவனிக்க வேண்டிய விஷயம் இதுவென்பது நம் கருத்து.

நேரமும் இடமும், எதிரே அமர ஓர் ஆளும் வாய்த்தால் என்ன விளையும் என்பதற்குச் சென்னையே சான்று. அங்கே சோவியத் பண்பாட்டு இல்லத்தில், மானுவல் ஆரன் முயற்சியால், தால் சதுரங்கக் கழகம் 1972-இல் தோன்றியது. மாஸ்கோ சர்க்கார் அவ்வில்லத்தைத் தருமத்துக்காக நடத்தவில்லை. தன் புகழை நாட்டவே நடத்தியது. இருக்கட்டும். தாயுடன் அங்கு வந்த ஒரு சிறுவன், தோற்றவர் எழுந்துவிட வென்றவர் தொடர்ந்தாடும் வேக ஆட்டங்களில் பழகினான். அவனே விசுவநாதன் ஆனந்த். 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பின்னர் உலக வீரரும் ஆனார்.

சதுரங்கத்தைப் புகழ்ந்தோர் கணினி விளையாட்டைக் கண்டு மிரண்டனர். பிலிப்பைன்ஸில் மார்க்கோஸ் 1981 நவம்பரில் காசு போட்டு ஆடும் இயந்திரங்களையே தடை செய்தார். சிங்கப்பூரும் 1980-களின் தொடக்கத்தில் அத்தகைய கூடங்களை இறுக்கியது. கூடங்கள் ஒடுங்கின, விளையாட்டு ஒடுங்கவில்லை. வசதியுள்ள வீட்டின் கூடத்துக்குக் குடிபெயர்ந்தது, அவ்வளவே. மிச்சிகனிலுள்ள ஆன் ஆர்பர் நகர நூலகம் 2004-இல் இளைஞர்க்குக் கணினி விளையாட்டுப் போட்டிகளை நடத்தத் தொடங்கியது. 2008 நவம்பர் 15-ஆம் நாளை அமெரிக்க நூலகச் சங்கம் நூலக விளையாட்டு நாளாகவே கொண்டாடியது. நம் ஜூரோங் வட்டார நூலகமும் அதே 2004-இல் பதின்பருவத்தார்க்கென ஒரு மாடியை ஒதுக்கி, அதனை நடத்துவதில் அவர்களுக்கே பங்களித்தது.

இனி செம்பவாங்குக்கு வருவோம். 1938 பிப்ரவரியில் இங்குக் கடற்படைத் தளத்தின் பெருந்துறை திறக்கப்பட்டபோதும், அதன் பின்னும், தமிழரும் மலையாளிகளும் திரளாக உழைத்தனர். அக்காலத்தில் இத்தீவின் பெரிய நூலகம் ராஃபிள்ஸ் நூலகம். சந்தா கட்டினால்தான் அங்கு நூல் கைக்கு வரும். வந்தாலும் பெரும்பாலும் ஆங்கில நூல். துறைமுகக் கூலிக்கு அவ்வாயில் அடைபட்ட வாயிலே. இலவசப் பொது நூலகம் வேண்டும், ஆசிய மொழிகட்கும் அதில் இடம் வேண்டும் என்ற நிபந்தனையுடன் லீ கோங் சியான் 1953-இல் 375,000 வெள்ளி தர முன்வந்த பின்னரே காரியம் நகர்ந்தது. ஸ்டாம்ஃபோர்டு சாலையில் தேசிய நூலகம் 1960 நவம்பர் 12-இல் திறக்கப்பட்டது. இன்று செம்பவாங் நூலகமோ சன் பிளாசா என்னும் கடைத்தொகுதிக்குள் இருக்கிறது. கூலியின் பேரன் பலகாரம் வாங்க வந்த வழியில் உள்ளே நுழையலாம். யாரும் சந்தா கேட்பதில்லை.

அப்பேரனை நினைத்தே இவ்வளவும் எழுதினோம். வீட்டில் விலையுயர்ந்த கருவி உள்ள பிள்ளைக்கு நூலகத்து விளையாட்டு ஒரு பொருட்டன்று. சிறு வீட்டில் தம்பி தங்கையரோடு நெருங்கி வாழ்ந்து, தாய் தந்தையர் இருவரும் வேலை முடிந்து திரும்பும்வரை கடைத்தொகுதியில் சுற்றுகிற பிள்ளைக்கே அது வேண்டும். அவனுக்குப் பிறரோடு கூடி ஆட ஓரிடம் இல்லையென்றால், கையிலுள்ள தொலைபேசியில் தனியே ஆடுவான். அதற்கு எந்தத் தடையும் செல்லாது.

ஆகவே நூலகத்தாரிடம் நம் பெற்றோர் கேட்கவேண்டியது விளையாட்டு உண்டா, இல்லையா என்பதன்று. மாலையில் பள்ளி விட்டபின் அம்மேஜை அவனுக்குக் கிடைக்குமா? அருகிருக்கும் நூலகர் அவ்விளையாட்டை அறிந்தவரா, தமிழில் இரண்டு வார்த்தை பேசக் கூடியவரா? அங்கிருந்து தமிழ் நூல் அலமாரி எத்தனை அடி தூரத்தில் இருக்கும்?