வடசென்னையில் குறைந்த விலை விளையாட்டுக் கணினி

வடசென்னையில் வெளிநாட்டு மின்னணுப் பொருள் என்றாலே நினைவுக்கு வருவது, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காகக் கடற்கரை ரயில் நிலையம் அருகே 1969இல் அமைந்த பர்மா பஜார். கணினி உதிரிபாகங்களுக்கோ, வானொலிக் கடைகளிலிருந்து வளர்ந்த ரிச்சி தெருதான். 2019 பிப்ரவரி 10 அன்று மெட்ரோ தடம் திறந்தபின், வண்ணாரப்பேட்டையில் ஏறினால் நான்காவது நிலையமான அரசினர் தோட்டத்தில் இறங்கி அங்கே நடந்தே போய்விடலாம்.

குறைந்த செலவில் விளையாட்டுக் கணினி சேர்ப்போருக்கு 2018 முக்கியமான ஆண்டு. பிப்ரவரியில் வெளிவந்த ஏஎம்டியின் ரைசன் 3 2200ஜி, 99 டாலர் அறிமுக விலையில், வரைகலைத் திறனையும் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. முதலில் செயலி, கிராபிக்ஸ் கார்டு பிறகு என்று திட்டமிட முடிந்தது. இவ்வகைச் செயலி வரைகலைக்கும் ரேமையே பகிர்ந்துகொள்வதால், ஒரே 8 ஜிபி ரேமைவிட இரண்டு 4 ஜிபி ரேம்கள் கூடுதல் வேகம் தரும். கடைக்காரர் இதைச் சொல்லாமலும் போகலாம்! 2019 ஜனவரியில் 24 அங்குலத் திரை போன்றவற்றின் ஜிஎஸ்டியும் 28இலிருந்து 18 விழுக்காடானது.

ஆறுதல் நீடிக்கவில்லை. 2020 இறுதியிலிருந்து சிப் தட்டுப்பாடும் ஈத்தரியம் மைனிங்கும் கிராபிக்ஸ் கார்டுகளை மாணவர்களின் கைக்கு எட்டாமல் செய்தன. 2022 செப்டம்பர் 15 அன்று ஈத்தரியம் மைனிங்கைக் கைவிட்டதும், பழைய கார்டுகள் விற்பனைக்கு வந்தன. மலிவுதான், ஆனால் இரவுபகலாக ஓடிய கார்டில் விசிறி தேய்ந்திருக்கலாம். எதில் மிச்சம் பிடித்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸில் பிடிக்கக் கூடாது: கேபினட்டோடு வரும் மட்டமான ரகம் பழுதானால் மதர்போர்டையும் சேர்த்துக் கெடுக்கக்கூடும்.