வெள்ளியில் பாசி விதைக்கும் யோசனை

வேறொரு கிரகத்தின் காற்றை மனிதன் மூச்சுவிடும்படி மாற்றலாம் என்று பேச்சு வந்தாலே இப்போது எல்லோரும் செவ்வாயைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அறிவியல் இதழில் இந்த யோசனை வந்த ஆரம்பகாலக் கட்டுரை ஒன்று வெள்ளியைப் பற்றியது. 1961-இல் 'சயின்ஸ்' இதழில் அதை எழுதிய கார்ல் சேகனுக்கு அப்போது வயது 26.

வெள்ளியின் தரை கொதிக்கிறது என்று ரேடியோ அலைகளை அளந்து அதற்குள் கண்டுபிடித்திருந்தார்கள். அதைப் போர்த்தியிருக்கும் கரியமில வாயுதான் காரணம் என்றார் சேகன். உயரத்தில், மேகங்களில் அவ்வளவு சூடில்லை. அங்கே நீலப்பச்சைப் பாசியைத் தூவினால் என்ன? அது கரியமில வாயுவையும் நீரையும் எடுத்துக்கொண்டு ஆக்சிஜனை விடும். கீழே இறங்கும் பாசி சூட்டில் கருகும். கரி தங்கிவிடும், நீர் ஆவியாகி மேலே திரும்பும். போர்வை மெலிய மெலியத் தரை ஆறும்.

முதலில் படித்தபோது, 'அட, இவ்வளவு சுலபமா!' என்றுதான் எனக்குத் தோன்றியது. ராட்சத இயந்திரம் எதுவும் வேண்டாம், பாசி போதும்.

கணக்கு இடித்த இடம் காற்றின் கனம். அது பூமியைவிடச் சில மடங்குதான் இருக்கும் என்று சேகன் நினைத்திருந்தார். 1970 டிசம்பரில் சோவியத் விண்கலம் வெனேரா 7 தரையில் இறங்கி, வெப்பம் சுமார் 475 டிகிரி செல்சியஸ் என்று தகவல் அனுப்பியது. அழுத்தமோ பூமியைப்போல் ஏறத்தாழ 90 மடங்கு. காற்றில் 96 சதவீதம் கரியமில வாயு. மேகங்கள் கந்தக அமிலம். நீர் மிகச் சொற்பம்.

சரி, பாசி எப்படியோ பிழைத்து வேலையை முடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது தரையில் நூறு மீட்டருக்கு மேல் கரித்தூள் கிடக்கும். அதன் மேல் பூமியைப்போல் 60 மடங்குக்கு மேலான அழுத்தத்தில் ஆக்சிஜன். கரியும் ஆக்சிஜனும் அந்தச் சூட்டில் சும்மா இருக்குமா? பற்றிக்கொண்டு மறுபடி கரியமில வாயுவாகிவிடும். தன் யோசனையில் இருந்த ஓட்டையை 1994-இல் வந்த 'பேல் புளூ டாட்' புத்தகத்தில் சேகனே எழுதிவிட்டார்.

பூமியில் இதே பாசிகள் சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் ஆக்சிஜனைச் சேர்த்தன. அது இங்கே நிலைத்ததற்குக் காரணம், செத்த உயிர்களின் கரியில் ஒரு பகுதி மண்ணுக்கடியில் புதைந்து ஆக்சிஜனின் கைக்கு எட்டாமல் போனதுதான். ஆக்சிஜனை உண்டாக்குவது பாதி வேலை. கரியைப் புதைத்து வைப்பது மீதிப் பாதி. அப்படிப் புதைந்ததில் கொஞ்சத்தைத்தான் நிலக்கரி, பெட்ரோல் என்று நாம் தோண்டியெடுத்து எரித்துக்கொண்டிருக்கிறோம்.