பேர் மட்டும் ஒன்றியத்துக்கு

தென்காசி மாவட்டத்தில் கீழப்பாவூர் என்ற பெயரில் இரண்டு அமைப்புகள் உண்டு. ஒன்று, சுற்றுவட்டாரக் கிராம ஊராட்சிகள் சேர்ந்த ஊராட்சி ஒன்றியம். இன்னொன்று பேரூராட்சி. ஒன்றியத்துக்குப் பேர் கொடுத்த ஊர், அதன் கிராம ஊராட்சிகளில் ஒன்று இல்லை.

இதில் என்ன இருக்கு என்று தோன்றலாம். ஜனவரி 26 அன்று வித்தியாசம் தெரியும். அன்றைக்குக் கிராம ஊராட்சிகளில் கிராம சபை கூடும். வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் போதும், யாரும் எழுந்து வரவு செலவு கேட்கலாம். பேரூராட்சிக்காரர் அந்தச் சபையில் உறுப்பினர் கிடையாது.

இந்தக் கோடு எப்போது விழுந்தது? 1958ஆம் ஆண்டு சென்னை ஊராட்சிகள் சட்டத்தில் கிராம ஊராட்சியும் பேரூராட்சியும் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தன. 1993இல் நடைமுறைக்கு வந்த இரண்டு அரசியலமைப்புத் திருத்தங்கள் அவற்றைப் பிரித்தன. 73ஆவது திருத்தம் கிராமத்துக்குக் கிராம சபை தந்தது. 74ஆவது திருத்தம் பேரூராட்சியை நகரத்தின் பக்கம் தள்ளியது. நகரங்களுக்கு அது தந்தது வார்டு குழு. அதுவும் 3 லட்சம் மக்கள்தொகை இருந்தால்தான் கட்டாயம்.

2004இல் தமிழக அரசு பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகள் ஆக்கியது. 2006இல் பழையபடி மாற்றியது. தெரு அதே தெரு, ஆட்கள் அதே ஆட்கள். போர்டு மட்டும் மாறியது. 2016 அக்டோபரில் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தபின், 2022 பிப்ரவரி வரை தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்களே இல்லை. தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். கேள்வி கேட்கச் சபையும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

2022இல் வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் வந்தன. நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த பகுதி சபையில் முதல்வரே கலந்துகொண்டார். நல்ல தொடக்கம்தான். ஆனால் பகுதிப் பிரதிநிதிகளை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம் நியமிக்கிறது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் 1989 முதலே மக்கள் கூடிப் பட்ஜெட்டின் ஒரு பகுதியைத் தீர்மானிக்கத் தொடங்கினார்கள். அது பத்து லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும் நகரம்.

"சின்ன ஊருக்கு எதுக்குச் சபை? கவுன்சிலரை டீக்கடையிலேயே பார்க்கலாமே" என்பார்கள். பார்க்கலாம்தான். தெருவிளக்கு எரியலைன்னு சொல்லவும் செய்யலாம். ஆனால் டீக்கடையில் சொன்னது எந்தத் தீர்மானப் புத்தகத்திலும் ஏறாது. அடுத்த வருஷம் அதைக் காட்டி, ஏன் நடக்கலைன்னு கேட்க முடியாது. பக்கத்துக் கிராமத்துக்காரரால் முடியும்.