அநாதைப் பூனைக்குட்டி வளர்ப்பு

பிறந்து கண் திறவாத பருவத்தில் தாயை இழந்துவிட்ட, அல்லது தாயால் கைவிடப்பட்ட பூனைக்குட்டிகளுக்கு மனிதர் தம் கையாலேயே பால் புகட்டி, உஷ்ணமூட்டி, மலஜலம் கழியச் செய்து, அவை தாமாக உண்ணத் தொடங்கும் வரையில் காப்பாற்றும் முறை இங்குக் கூறப்படும். இதனைப் புட்டிப்பால் வளர்ப்பு என்று சொல்வதே வழக்கமாயினும், புட்டியும் பாலும் இதில் ஒரு பகுதிக்கு மேல் இல்லை. தாய்ப்பூனை செய்யும் பணிவிடைகளுள் பாலூட்டுவதை மட்டும் தாம் ஏற்றுக்கொண்டு மற்றவற்றை மறந்துவிடுகிறவர்களிடம், குட்டிகள் வயிற்றில் செரியாத பால் கிடக்கும்போதே இறந்துபோவது மிகச் சாதாரணமாக நிகழ்வதாகும்.

பிறப்பு நிலை: பூனை 63 முதல் 65 நாள் வரை சூல் தாங்கி, ஓர் ஈற்றில் பெரும்பாலும் 3 முதல் 5 குட்டிகள் போடும். பிறந்த குட்டியின் எடை ஏறக்குறைய 100 கிராம். இமைகள் ஒட்டியும் செவித்துளை மூடியும் இருக்கும் அந்நாட்களில், மோப்பத்தாலும் ஸ்பரிசத்தாலும் வெதுவெதுப்பை நாடும் உணர்ச்சியாலும் மட்டுமே அது தாயின் மடியைக் கண்டடைகிறது. கண்கள் 7ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையில் திறக்கும். மூன்றாம் வாரத்தை ஒட்டிப் பால்பற்கள் முளைக்கத் தொடங்கி, இரண்டு மாதத்துக்குள் 26 பற்களும் நிறைந்துவிடும். குளிர் பட்டால் நடுங்கித் தன் உடலில் சூட்டை உண்டாக்கிக்கொள்ளும் சக்தி முதல் வாரத்தில் குட்டிக்கு இல்லை. இந்தப் பூரண பராதீனத்தைக் கண்டே தென்கலை வைஷ்ணவ ஆசாரியர்கள், தன் முயற்சி சிறிதுமின்றி ஈசுவரனால் தாங்கப்படும் ஜீவனின் நிலைக்கு மார்ஜார நியாயத்தை, அதாவது பூனைக்குட்டி உவமையை, எடுத்துக்காட்டினார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும், பூனைக்குட்டியையோ தாயே கவ்விச் செல்லும். வேதாந்த விசாரம் இங்கு நமக்கு வேண்டுவதில்லையாயினும், பிராணி சாஸ்திரத்தின் அளவில் அவர்கள் கண்டது முற்றிலும் சரியே.

பழஞ்சரித்திரம்: வீட்டுப்பூனையின் குலமுதல், ஆப்பிரிக்காவின் வடபகுதியிலும் மேற்காசியாவிலும் திரியும் காட்டுப்பூனை என்பது 2007 இல் கார்லோஸ் டிரிஸ்கால் முதலியோர் வெளியிட்ட மரபணு ஆராய்ச்சியால் நிலைபெற்றது. தானியக் களஞ்சியங்களில் பெருகிய எலிகளைத் தேடிப் பூனை தானே ஊருக்குள் புகுந்தது என்பர் பலர். புகுந்தது உண்மையாயினும், வளர்ந்துவிட்ட காட்டுப்பூனை மனிதனின் கைக்குள் அடங்குவது அரிதாகையால், கண் திறவாத குட்டிகளைப் புதரிலிருந்து எடுத்துவந்து பெண்டிரும் பிள்ளைகளும் வளர்த்ததன் பயனாகவே அது வீட்டுப் பிராணியாயிற்று என்று கொள்வது பொருத்தமாகும்.

சைப்ரஸ் தீவில் ஷிலூரோகாம்போஸ் என்னுமிடத்தில் ஏறக்குறைய 9500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மனிதச் சவக்குழியின் அருகே, சுமார் எட்டு மாத வயதுள்ள பூனையொன்று தனிக் குழியில் கிடத்தப்பட்டிருந்ததை ழான்-தெனி வீன் என்னும் பிரெஞ்சு அறிஞரும் அவர் குழுவினரும் 2004 இல் வெளியிட்டனர். அத்தீவில் பூனை இயல்பாக வாழ்ந்த விலங்கன்று; கடல் கடந்து படகில் வந்ததே. முதிர்ந்த காட்டுப்பூனையைப் படகில் ஏற்றிப் பயணம் செய்ய எவரும் விரும்பியிரார்.

எகிப்தின் தென்பகுதியில் ஹீராகோன்போலிஸ் என்னும் பழம்பதியின் மேன்மக்கள் இடுகாட்டில் கிடைத்த சான்றுகள் இன்னும் நெருக்கமானவை. கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டின் முற்பகுதியைச் சார்ந்த அவ்விடுகாட்டில் ஒரே குழியில் ஆறு பூனைகள் கிடந்தன. அவற்றுள் ஒன்று ஆண், ஒன்று பெண், மற்ற நான்கும் இரு வேறு ஈற்றைச் சேர்ந்த குட்டிகள் என்று விம் வான் நீர் முதலியோர் 2014 இல் விவரித்தனர். அதே இடுகாட்டில் முன்னர்க் கண்டெடுக்கப்பட்ட வேறோர் இனக் காட்டுப்பூனை ஒன்றின் முறிந்த கால் எலும்புகள் மீண்டும் கூடியிருந்தன. இரை தேட இயலாத அப்பிராணிக்குப் பல வாரம் உணவளித்துப் பேணியவர் ஒருவர் இருந்திருக்கவேண்டும் என்பது இதனால் பெறப்படுகிறது.

பிற்காலத்தில் பூபாஸ்திஸ் நகரில் பூனை வடிவினளான பாஸ்தெட் தேவியின் வழிபாடு ஓங்கியபோது பூனை வளர்ப்பு ஒரு கோயிற்பணியாகவே ஆயிற்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் பாயூம் பிரதேசத்தில் வாழ்ந்த செனோன் என்னும் காரியஸ்தனின் பாப்பிரஸ் ஏடுகளுள், அத்தேவிக்கு உரியவர்களான பூனை ஊட்டுநர் இருவர் எழுதிய முறையீடு ஒன்று எஞ்சியிருக்கிறது. கட்டாய வேலையிலிருந்து தங்களுக்கு விலக்கு உண்டென்றும், அதனை மதியாமல் செங்கல் அறுக்கத் தங்களை அனுப்பிவிட்டார்களென்றும் அவர்கள் குறைகூறுகிறார்கள். பூனைக்கு உணவூட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் இதுவும் ஒன்றாதலின், அம்முறையீட்டின் முடிவு என்னவாயினும், இக்கட்டுரையில் அவர்களுக்கு இடமளித்தல் தகும். ஆயினும் இவ்வளர்ப்பைக் கருணையின் விளைவென்று கொள்ளுதல் கூடாது. நேர்த்திக் காணிக்கையாக விற்கப்பட்ட, பதனிட்ட பூனைச் சவங்களை எக்ஸ்-கதிர் கொண்டு ஆராய்ந்தபோது, அவற்றுள் பல இளம் பருவத்திலேயே கழுத்து முறிக்கப்பட்டவை என்பது தெரியவந்தது. 1890 இல் லிவர்பூல் துறைமுகத்துக்கு வந்திறங்கிய 19 டன்னுக்கு மேற்பட்ட அத்தகைய சவங்கள் எருவுக்காக ஏலம் போடப்பட்டன.

ஐரோப்பாவில், வேல்ஸ் நாட்டு மன்னன் ஹைவல் தாவின் பெயரால் வழங்கும் சட்டங்கள் பூனைக்குட்டிக்கு விலை வகுத்தன: பிறந்த இரவிலிருந்து கண் திறக்கும் வரையில் ஒரு பென்னி, அதன்பின் எலி பிடிக்கும் வரையில் இரண்டு, எலி பிடிக்கத் தொடங்கியபின் நான்கு. கண் திறவாக் குட்டிக்கும் சட்டத்தில் ஒரு மதிப்பு இருந்தது என்பதே நாம் கவனிக்கத்தக்கது. கில்பர்ட் ஒயிட் 1789 இல் வெளியிட்ட செல்போர்ன் இயற்கை வரலாற்றில், நண்பர் ஒருவர் வீட்டு வேலையாட்கள் கரண்டியால் பால் புகட்டி வளர்த்த முயற்குட்டி காணாமற்போய், பூனைக்கு இரையாயிற்றென்று எல்லாரும் எண்ணியிருக்க, தன் குட்டிகளைப் பறிகொடுத்திருந்த அவ்வீட்டுப் பூனையே அதற்குப் பால் கொடுத்து வளர்த்துவந்ததை எழுதியுள்ளார். செவிலித்தாய் முறைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அருமை. 1871 இல் லண்டன் கிரிஸ்டல் மாளிகையில் ஹாரிசன் வியர் நடத்திய பூனைக் கண்காட்சிக்குப்பின் உயர்குலப் பூனைகளுக்கு விலை ஏறவே, அநாதைக் குட்டியைச் சாகவிடாமல் காப்பதும் ஒரு பயிற்சியாக வளரலாயிற்று.

தாயின்மையை அறிதல்: பூனை ஏழு வீடு மாற்றும் என்பது நம் நாட்டு வழக்கு. ஒவ்வொரு குட்டியாகக் கவ்வி இடம் மாற்றுகையில் எஞ்சிய குட்டிகள் சிறிது நேரம் தனித்துக் கிடக்கும்; இரை தேடப் போன தாய் பல நாழிகை கழித்துத் திரும்புவதும் உண்டு. ஆதலால் வெயில், மழை, நாய் முதலிய அபாயம் இல்லாதவிடத்துச் சில மணி நேரம் தொலைவிலிருந்து பார்த்தபின்னரே குட்டியை எடுத்தல் வேண்டும். மனிதர் கை பட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்னும் நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை.

உஷ்ணம்: பால் கொடுப்பதற்கு முன் செய்யவேண்டிய காரியம் இது. உடல் உஷ்ணம் 35 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்கிய குட்டியின் குடல் இயங்காமல் நின்றுவிடுவதால், அந்நிலையில் புகட்டிய பால் செரியாமல் புளித்து உயிருக்கே உலை வைக்கும். சில்லிட்ட குட்டியை நெருப்பிலோ கொதிநீர்ப் புட்டியிலோ திடீரென்று காய்ச்சாமல், மார்போடு அணைத்தும், துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை அருகில் வைத்தும், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் மெல்ல மெல்லச் சூடேற்றுதல் நன்று. முதல் வாரத்தில் அதன் படுக்கை 29 முதல் 32 டிகிரி வரையில் இருக்கவேண்டும். பின்னர் வாரந்தோறும் சிறிது குறைக்கலாம். படுக்கை முழுவதையும் சூடாக்காமல் ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்கினால், சூடு மிகும்போது குட்டி தானே நகர்ந்துகொள்ளும். சித்திரை மாதத்துச் சென்னையில் இவையெல்லாம் மிகை என்று தோன்றும். மின்விசிறியின் கீழே, ஈரத் துணியில், வெறுந்தரையில் கிடக்கும் குட்டி அங்கும் சில்லிட்டுத்தான் போகிறது.

சீம்பால்: பூனையின் நச்சுக்கொடி வழியாகக் குட்டிக்குச் செல்லும் நோய் எதிர்ப்புப் புரதம் மிகச் சொற்பம், எஞ்சியதனைத்தும் முதற்பாலின் மூலமே கிடைக்கவேண்டும். அதைக் கிரகிக்கும் வாயில் பிறந்த ஏறக்குறைய 16 மணி நேரத்துக்குள் குடலில் அடைபட்டுவிடுகிறது. சீம்பால் அருந்தாத குட்டிக்கு, ஆரோக்கியமான வளர்ந்த பூனையின் இரத்தச் சீரத்தைத் தோலின் கீழே செலுத்துவது மருத்துவர் கையாளும் பரிகாரமாகும். சீம்பாலே விஷமாகும் சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. பூனைகளின் இரத்தம் ஏ, பி, ஏபி என மூவகைப்படும். பி வகைத் தாயின் பாலிலுள்ள எதிர்ப்பொருள்கள் ஏ வகைக் குட்டியின் சிவப்பணுக்களைச் சிதைப்பதால், அத்தகைய குட்டியைத் தாய் உயிரோடிருக்கும்போதே முதல் ஒரு நாள் பிரித்துவைத்துப் புட்டியால் வளர்க்க நேரிடும்.

பால்: நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது பசும்பால், அதிலும் பாதி தண்ணீர் கலந்தே கொடுப்பர். பசும்பாலில் புரதம் நூற்றுக்குச் சுமார் 3.3 பங்கு, பூனைப்பாலிலோ அதனினும் இருமடங்குக்கு மேல். தண்ணீர் விட்ட பசும்பால் குட்டியின் பசியைத் தணித்துக்கொண்டே அதன் சரீரத்தைப் பட்டினி போடுகிறது, பேதியும் உண்டாக்குகிறது. ஆட்டுப்பால் உத்தமம் என்பாரும் உளர். அதன் புரத அளவு பசும்பாலை ஒட்டியதே யாதலால் அக்கூற்று ஏற்கத்தக்கதன்று. இவற்றினும் நுட்பமானது டாரின் என்னும் சத்தின் குறைவு. கேசின் என்னும் பாற்புரதத்தையே புரதமாகக் கொடுத்து வளர்த்த பூனைகளின் விழித்திரை சிதைவது டாரின் குறைவாலேயே என்று கே. சி. ஹேஸ் முதலியோர் 1975 இல் காட்டினர்; அதே குறைவு இருதயத் தசையையும் தளர்த்துவதைக் கலிபோர்னியாவில் பால் பயன் என்னும் ஆராய்ச்சியாளர் முதலியோர் 1987 இல் நிரூபித்தனர். ஆதலின் பூனைக்குட்டிக்கென்றே தயாரித்து விற்கப்படும் பால்மாவைக் கரைத்துக் கொடுப்பதே தக்கது. அது கைக்கு வரும் வரையில் ஓரிரு வேளைக்கு, நீர் கலவாத பாலில் முட்டையின் மஞ்சட்கருவை அடித்துக் கலந்து சமாளிக்கலாம்.

100 கிராம் எடைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 மில்லி லிட்டர் என்பது பொதுவான கணக்கு. அவ்வெடையுள்ள குட்டியின் இரைப்பை ஒரு வேளைக்கு 4 மில்லி லிட்டருக்கு மேல் கொள்ளாதாகையால், முதல் வாரத்தில் இரவு பகலென்று பாராமல் இரண்டு மூன்று மணிக்கொருமுறை புகட்டவேண்டும். இரண்டாம் வாரத்தில் மூன்று நான்கு மணிக்கொருமுறை போதும். தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசிலேனும் எடைபோட்டுக் குறித்துவருதல் அவசியம். நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏறுவது க்ஷேமத்தின் அறிகுறி. ஒரு நாள் ஏறாமற்போனாலும் கவனிக்கத்தக்கது.

புகட்டும் முறை: குழந்தையை ஏந்துவது போல் மல்லாத்திப் பிடித்து, சங்காலோ பாலாடையாலோ இங்க் பில்லராலோ வாயில் வார்ப்பதே நம்மவர் செய்யும் பெருந்தவறு. வார்த்த பால் மூச்சுக்குழலில் இறங்கிப் புரை ஏறி, சுவாசப்பையில் அழற்சி கண்டு, குட்டி ஓரிரு நாளில் மடியும். தாயிடம் அருந்தும்போது குட்டி குப்புறக் கிடந்தபடியே தலையைச் சற்று நிமிர்த்தும். அந்நிலையிலேயே அதனைத் துணிமீது இருத்தி, சிறு ரப்பர்க் காம்பை உதட்டில் தொட்டு, அது தானே உறிஞ்சுமாறு விடவேண்டும். கவிழ்த்த புட்டியின் காம்பில் ஒரு துளி திரண்டு நிற்குமளவுக்கே துவாரம் இருத்தல் நன்று. பாலின் சூடு 37, 38 டிகிரி. உறிஞ்சும் சக்தியற்ற குட்டிக்கு மருத்துவர் மெல்லிய குழாயை இரைப்பை வரையில் செலுத்திப் பால் விடுவர்.

மலஜலம்: ஏறக்குறைய மூன்று வாரம் வரையில் குட்டி தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்காது, தாய் நக்குவதாலேயே அவை வெளிப்படும். தாய் இல்லாதவிடத்து, வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு வேளையும் கழிவுத் துவாரங்களை மெதுவாக வருடிவிடுதல் வேண்டும். பாலூட்டுவதில் மிகுந்த சிரத்தை காட்டுவோரும் மறந்துவிடுவது இதனையே. ஒன்றாக வளரும் அநாதைக் குட்டிகள் காம்பைத் தேடி ஒன்றன் பிறப்புறுப்பை மற்றொன்று சப்பிப் புண்ணாக்கிக்கொள்வதுண்டு. அப்போது அவற்றைச் சில நாள் பிரித்துவைப்பர். உண்ணிகள் மொய்த்த சிறு குட்டி இரத்தமின்றியே இறந்துவிடக்கூடும். நான்காம் வாரத்தில் கூழாகக் கரைத்த உணவையும் மணல் தட்டையும் காட்டினால், மணலைப் பிறாண்டும் சுபாவம் தானே தோன்றும்.

மனநிலை: 1960ஐ ஒட்டி, நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஷ்னெய்ர்லா, ரோசன்பிளாட் முதலியோர் குட்டிகளைத் தனியே பிரித்து, காம்பு பொருத்திய செயற்கைத் தாயிடம் வளர்த்தனர். நீண்ட நாள் அவ்வாறிருந்தவை மீண்டும் தாயிடம் விடப்பட்டபோது, அவளை அணுகிப் பாலருந்த வகை தெரியாமல் இடர்ப்பட்டன. மனிதரோடு பழகுதற்குரிய பருவம் இரண்டாம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடைப்பட்டது என்பது ஐலீன் கார்ஷ் கண்ட முடிவு. கையால் வளர்ந்த பூனைகள் பிற்காலத்தில் இணைசேர்வதில் பின்தங்குவதை ஜில் மெல்லன் 1992 இல் எழுதினார். ஒற்றைக் குட்டியை மனிதரோடு மட்டும் வளர்த்தலாகாது. அதே வயதுள்ள வேறொரு குட்டியுடன் சேர்த்து வளர்த்தலே முறை.

இக்காலத்தில், சான் டியேகோ ஹ்யூமேன் சொசைட்டி 2009 இல் தொடங்கியதைப் போன்ற இரவுபகல் குட்டிப் பராமரிப்பகங்கள் அமெரிக்க நகரங்களில் உள்ளன. சென்னையில் 1959 இல் தோன்றிய புளூ கிராஸ் முதலிய ஸ்தாபனங்களும் பல தனி மனிதரும் இங்கு இப்பணியைச் செய்துவருகின்றனர்.