மனையியல் கொப்பியில் ஒரு பக்கம்

பாடசாலை வரலாறு என்றால் அதிபர்களின் வரிசையிலிருந்து தொடங்குவதே வழக்கம். நாங்கள் மனையியல் கூடத்துப் பழைய கொப்பியொன்றிலிருந்து தொடங்குகிறோம். அதில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு பக்கத்தில் பான்கேக் செய்முறை இருக்கிறது.

பான்கேக் என்றதும் எங்களுக்கு நினைவு வருவது, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் வைத்துச் சுருட்டிய மெல்லிய பண்டம். அப்படியொரு மெல்லிய உறை ஆங்கிலேயரிடமும் உண்டு. தவக்காலத்துக்கு முன் முட்டையையும் வெண்ணெயையும் தீர்க்க அவர்கள் சுட்டது. கொப்பியில் இருப்பதோ தடித்து, மெத்தென்று எழும் வகை. 1 கோப்பை கோதுமை மா, 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 1 மேசைக்கரண்டி சீனி, 1 முட்டை, முக்கால் கோப்பை பால், சிறிது உப்பு, உருக்கிய மாஜரின்.

பேக்கிங் பவுடரை 1843இல் பர்மிங்ஹாமில் அல்பிரட் பேர்ட் என்பவர் ஆக்கினார், ஈஸ்ட் ஒவ்வாத தம் மனைவிக்காக. (முட்டையும் ஒவ்வாத அவருக்காகவே கஸ்ரட் பவுடரும் பிறந்தது.) அதிலுள்ள சோடாவும் அமிலத்தூளும் ஈரம் பட்டதும் வாயுவை விடும், மா எழும்பும். எங்கள் பாட்டிமார் அப்பமாவில் கள் விட்டதும் அந்த வாயுவுக்காகத்தான். அவர்கள் ஓர் இரவு காத்திருந்தார்கள், அவ்வளவே.

1990இன் பின், பொருளாதாரத் தடைக் காலத்தில், அந்தப் பக்கத்தில் நீல மை விழுந்தது. பேக்கிங் பவுடர் வெட்டப்பட்டு, மேலே 'அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, தேசிக்காய்ப்புளி 1 மேசைக்கரண்டி' என்று எழுதப்பட்டது. பாலுக்குத் தேங்காய்ப்பால், மாஜரினுக்குத் தேங்காயெண்ணெய். மண்ணெண்ணெய் இல்லாததால் விறகடுப்பு.

முதல் நாள் எல்லாமே தட்டையாய்ப் போயின. அடுப்பு ஒன்று, நாங்களோ இருபது பேர். புளியை விட்டுக் கரைத்துவிட்டு வரிசையில் நின்றோம். எங்கள் முறை வருமுன் வாயு முழுதும் போய்விட்டது. கிடைத்த கொஞ்ச மாவையும் வீணாக்கினோமே என்று சிலர் அழுதோம். ரீச்சர் ஏசவில்லை. "தாச்சி சுட்ட பிறகு புளியை விடுங்கோ, இரண்டு சுற்றுக்கு மேல் கலக்காதேங்கோ" என்றார். அடுத்த கிழமை, மேலே குமிழி வெடித்ததும் திருப்பினோம். எழும்பி நின்றது.

1995 ஒக்ரோபர் 30 இரவு எல்லோரும் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, எங்களில் ஒருத்தியின் புத்தகப் பையில் அந்தக் கொப்பியும் போனது. மழையில் ஓரங்கள் ஊறினாலும் பக்கம் தப்பியது.

இப்போது பேக்கிங் பவுடர் எங்கும் கிடைக்கிறது. ஆனாலும் எங்களில் சிலர், எந்த நாட்டுக் குசினியில் நின்றாலும், தேசிக்காய்தான் பிழிகிறோம். மணத்துக்காக என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்கிறோம்.